ஒன்றரை லட்சமும் உரிமத்தில் இரண்டு இடமும்: எந்தத் துப்பாக்கியை முதலில் வாங்குவது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து துப்பாக்கி பற்றிக் கேட்பவர்களின் கேள்விகள் ஏறக்குறைய மூன்று வகைக்குள் அடங்கிவிடும். "கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. ஐயா (தாத்தா) காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கியைச் சரிசெய்து என் பெயருக்கு மாற்றட்டுமா, புதிதாக ஒன்று வாங்கட்டுமா, இல்லை ரிவால்வருக்கே போய்விடட்டுமா?" என்பது முதல் வகை. "மகள் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போக ஆசைப்படுகிறாள். அவளுக்கு வாங்குவதா, வீட்டுக் காவலுக்கு ஒன்று வாங்குவதா?" என்பது இரண்டாவது. மூன்றாவது வகையினர் வயலில் மயிலும் பன்றியும் படுத்தும் பாட்டைச் சொல்லி, மலிவாக ஒன்று போதும் என்பார்கள்.

மூவரும் பணத்தைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பணம் இந்த வருடம் இல்லையென்றால் அடுத்த வருடம் சேரும். சேர்க்கவே முடியாதது உரிமத்தில் உள்ள இடம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டது. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அந்த இரண்டுக்குள்தான் அடங்க வேண்டும். மூன்று வைத்திருந்தவர்கள் மூன்றாவதை 2020 டிசம்பருக்குள் ஒப்படைக்க நேர்ந்தது. ஆகவே வாங்கும் வரிசையை விலை தீர்மானிக்கக் கூடாது, இடம்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி. இடத்தைப் பிடிக்காதது முதலில். இடத்துக்குத் தகுதியானது அடுத்து. ஆசைக்கு வாங்குவது கடைசியில்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, எதற்காக. காவல், போட்டி, குடும்ப நினைவு என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு கருவிகளைக் கேட்கின்றன. மூன்றுக்கும் ஒன்றே போதும் என்று விற்பவரிடம் கவனமாக இருங்கள்.

இரண்டாவது, உரிம இடம். மேலே சொன்னதுதான்.

மூன்றாவது, ஐந்து வருடச் செலவு. உரிமம் இப்போது ஐந்து வருடத்துக்குச் செல்லும்; திருத்தத்துக்கு முன்பு மூன்று வருடம். எனவே ஐந்து வருடத்தையே ஒரு சுற்றாக எடுத்துக்கொண்டு கணக்கிடுவது நல்லது. கட்டணம், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, பூட்டுப் பெட்டி, தோட்டா, எண்ணெய், பழுது, சிவகங்கைக்கும் மதுரைக்குமான போக்குவரத்து எல்லாம் இதில் வரும். துப்பாக்கியின் விலை இதில் பாதிகூட இல்லாமல் போகும் சந்தர்ப்பங்கள் உண்டு.

நான்காவது, சுட்டுப் பழக இடம் இருக்கிறதா? பழகாதவர் கையில் எதுவும் காவல் ஆகாது.

ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நான் முதலில் கேட்பது அதைத்தான்: அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? விடுமுறைக்கு வந்து ஓடியாடும் பேரப்பிள்ளைகள், மனம் உடைந்திருக்கும் ஒருவர், குடித்துவிட்டுக் கோபப்படும் ஒருவர் இருந்தால் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டுப் பணத்தை வங்கியில் போடலாம்.

## ஐயா வைத்துப்போன இரட்டைக் குழல்

செட்டிநாட்டுக்கே உரிய கேள்வி இது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன இடத்திலிருந்தோ, கல்கத்தாவில் மாண்டன், ராடா போன்ற கடைகளிலிருந்தோ வாங்கிவந்த பன்னிரண்டு போர் (bore, குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கிகள் இந்த ஊர்களில் பல வீடுகளில் இருந்திருக்கின்றன. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்வது 1980களில் அடைபட்டுவிட்டதால் நல்ல நிலையிலுள்ள பழைய ஆங்கிலத் துப்பாக்கிக்குச் சந்தையில் இன்றும் மதிப்பு இருக்கிறது. "சும்மா கிடைக்கிறதே" என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது. சும்மா கிடைப்பதில்லை.

முதலில் காகிதம். உரிமம் ஐயாவின் பெயரில் இருந்தது என்றால் அவர் காலமான பிறகு அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதே சட்டவிரோதம். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்க வேண்டும். உரிமமில்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து வருடம் வரை சிறை. "எங்கள் வீட்டுப் பொருள்தானே" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

அடுத்து சம்மதம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை பேரும் தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதித்தர வேண்டும். பெரிய வீட்டில் ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் நியூஜெர்சியில் இருப்பார். வெளிநாட்டில் இருப்பவர் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும். ஐயாவுக்குப் பின் அப்பச்சியும், அதாவது அப்பாவும், பெயர் மாற்றாமலே போய்விட்டிருந்தால் இரண்டு தலைமுறை வாரிசுகளின் கையெழுத்தைத் திரட்ட வேண்டும். வளவு வீட்டைப் பாகம் பிரிப்பதில் நிற்கும் பழைய மனத்தாங்கல் எல்லாம் இந்த ஒரு கையெழுத்தில் வந்து நிற்கும். பொது வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, சொந்தமாக இருக்கலாம். உரிமம் ஒருவர் பெயரில்தான் இருக்க முடியும்.

இதில் ஒரு குறுக்குவழி இருக்கிறது, முழுக்கச் சட்டப்படியானது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் 70 வயதை எட்டியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தம் வாரிசுகளில் ஒருவரை நியமித்து அவர் பெயருக்கு உரிமம் பெறச் செய்யலாம். வீட்டில் பெரியவர் நல்ல நினைவோடு இருக்கிறார் என்றால் இந்த வருடமே அதைச் செய்துவிடுங்கள். அவர் ஒருவர் போடும் கையெழுத்து, பின்னால் பலபேர் போட வேண்டிய கையெழுத்துகளை மிச்சப்படுத்தும். பெரியவரிடம் இதை எப்படிக் கேட்பது என்று தயங்குபவர்கள் பலர். "ஐயா, உங்கள் காலத்திலேயே என் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டால் ஸ்டேஷனில் கிடந்து துருப்பிடிக்காமல் இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். துருப்பிடிக்கும் என்ற சொல்லுக்கு அவர்கள் அசைந்துகொடுப்பார்கள். உரிமம் தேசியத் தரவுத்தளத்தில் ஏறித் தனி அடையாள எண் பெற்றிருக்கிறதா என்பதையும் கூடவே பாருங்கள். எண் இல்லாத பழைய புத்தகம் இன்று செல்லாது.

காகிதம் சரியானால் பிறகு இரும்பு. ஆயுதப் பழுதுபார்க்க உரிமம் பெற்றவர் முன்னிலையில்தான் இந்தச் சோதனை நடக்க வேண்டும். தோட்டா உள்ளே இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, குழல்களைக் கழற்றி, அடிப்பக்கத்துக் கொக்கியில் ஒரு விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, மறுகையின் விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று நீண்டு ஒலித்தால் இரண்டு குழலையும் இணைக்கும் பட்டைகள் இறுக்கமாக இருக்கின்றன. சப்பென்று அடங்கினால் ஈயப்பற்று எங்கோ விட்டுப்போயிருக்கிறது. பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். வளையம் வளையமாக ஒளி விழுவது நல்லது. அந்த வளையம் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே குழல் நசுங்கியிருக்கிறது, கரும்புள்ளிகள் தெரிந்தால் துரு தின்றிருக்கிறது. மீண்டும் பூட்டி, முன்கட்டையை எடுத்துவிட்டு அசைத்துப் பார்த்தால் கீல் தேய்ந்திருப்பது கைக்கே தெரிந்துவிடும். கட்டையின் கழுத்துப் பகுதியில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்பதும் முக்கியம்.

இவ்வளவுக்கும் மேல் ஒன்று இருக்கிறது. குழலின் மேற்புறத்தில் சுருள் சுருளாக மரவரி போன்ற கோடு தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், கரிமருந்துக் காலத்துச் சரக்கு. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போடக் கூடாது. சாதாரண எஃகுக் குழலாக இருந்தாலும் அடிப்பக்கத் தட்டையில் நைட்ரோ சோதனை முத்திரை (புகையில்லா மருந்துக்குத் தேறியது என்ற அடையாளம்) இருக்கிறதா, தோட்டா அறையின் நீளம் இரண்டரை அங்குலமா, இரண்டே முக்காலா என்று படித்துப் பாருங்கள். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. வேடிக்கை என்னவென்றால் நீளமான தோட்டா குட்டையான அறைக்குள் சிரமமில்லாமல் நுழைந்துவிடும். சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். பல வருடம் கழித்து வெளியே எடுத்த துப்பாக்கியில், கடைக்காரர் கொடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்க்க நினைப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கட்டும்.

எப்போது இது நல்ல தேர்வு? பெரியவர் உயிரோடு இருந்து எழுதித்தரத் தயாராக இருந்து, நைட்ரோ முத்திரையும் இருந்து, கீலும் குழலும் தேறினால் உங்கள் முதல் உரிம இடத்தை யோசிக்காமல் இதற்குக் கொடுக்கலாம். புதிதாக வாங்குவதில் இந்தத் தரம் இந்த விலைக்குக் கிடைக்காது. டமாஸ்கஸ் குழல், பிணக்குள்ள பங்காளிகள், தளர்ந்த கீல் ஆகிய மூன்றில் இரண்டு சேர்ந்துவிட்டால் ஒப்படைத்த வணிகரிடமே விற்றுவிடுவது மேல். நினைவுக்கு ஐயாவின் படம் முகப்பில் மாட்டியிருக்கிறது அல்லவா?

ஒரு பக்கக் குறிப்பு: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சுற்றும்போது, சுவரில் மாட்டுவதற்கு என்று யாராவது ஒரு பழைய துப்பாக்கியைக் காட்டினால் காகிதம் கேளுங்கள். காகிதம் இல்லையென்றால் கைபடாமல் நகர்ந்துவிடுங்கள்.

## புதிய பன்னிரண்டு போர்

ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் இரண்டும் உள்நாட்டில் செய்யப்படுகின்றன. உரிமம் தேவைப்படும் துப்பாக்கிகளில் மலிவானவற்றில் ஒன்று ஒற்றைக் குழல். தோட்டா கிடைப்பதில் சிக்கல் இல்லை. புனே அருகே கட்கியில் செய்யப்படும் சக்திமான் தோட்டா எல்லா ஆயுதக் கடைகளிலும் பழக்கமானது. உள்நாட்டு மலிவுத் துப்பாக்கியில் விசை கடினமாக இருக்கும், கட்டையின் பொருத்தம் சுமாராக இருக்கும். ஆனால் புது எஃகு, தெரிந்த அறை நீளம், பங்காளி கையெழுத்து தேவையில்லை.

கைமாறிய துப்பாக்கி வாங்கினால் பணம் மிச்சமாகும். விற்பவர், விற்பதற்கு 45 நாளுக்கு முன்பே மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். "நாளைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்பவர் அதைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

மறைசெலவு எங்கே வருகிறது என்றால், இது நீளமான ஆயுதம். அதற்கேற்ற நெட்டைப் பெட்டி வேண்டும், சுவரில் பதிக்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் இரும்புப் பெட்டிக்குப் பஞ்சமில்லை, ஆனால் நகைக்குச் செய்த பெட்டியில் இரட்டைக் குழல் நிற்காது; கழற்றித்தான் வைக்க வேண்டும். அதுவும் நல்லதுதான், பிள்ளைகள் உள்ள வீட்டில் கழற்றி வைப்பதே முறை.

உள்ளூரில் தனியாக வாழும் தம்பதியர், தோப்போடு ஒட்டிய ஒதுக்குப்புற வீடு, பெரியவரிடமிருந்து எதுவும் வரப்போவதில்லை என்ற நிலை: இவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் இருப்பவர்களுக்கு எந்தத் துப்பாக்கியும் பொருந்தாது. ஆளில்லாத வீட்டைத் துப்பாக்கி காக்காது. திருடனுக்கு அதுவே முதல் கொள்ளை. காவலாளி கையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றால், அவர் பெயர் உங்கள் உரிமத்தில் முறைப்படி ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் கொடுத்தால் இருவரும் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பணத்தில் இரண்டாம் கட்டின் பின்வாசல் வரை கேமராவும், அலாரமும், காவலாளிக்கு நல்ல சம்பளமும் கொடுத்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

## ரிவால்வர்

எல்லோரும் மனதுக்குள் ஆசைப்படுவது இதற்குத்தான். கான்பூர் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்கு என்று வெளியிட்ட .32 'நிர்பீக்' ரிவால்வர் அன்றைக்கே சுமார் 1.22 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் கைத்துப்பாக்கிகள், ரிவால்வர்களுக்கான ஜி.எஸ்.டி. 28லிருந்து 40 விழுக்காடாகிவிட்டது. ஒன்றரை லட்சத்தை இது ஒன்றே விழுங்கிவிடும். தோட்டாவுக்கும் பெட்டிக்கும் மீண்டும் கடன்தான்.

சரி, கடன் வாங்கியே வாங்கினாலும் என்ன கிடைக்கிறது? குறுங்குழலில் குறி வைப்பது மிகக் கடினம். தொடர்ந்து பழகாவிட்டால் ஏழெட்டு அடியில் நிற்பவரையே தவறவிடுவார்கள். பழகுவதற்குச் சங்க உறுப்பினராக வேண்டும். வருடத்துக்கு இத்தனை தோட்டாதான் என்று உரிமத்திலேயே வரம்பு எழுதியிருக்கும். உயிருக்கு அச்சுறுத்தல் உண்டு என்று காவல்துறை அறிக்கை சொல்லாவிட்டால் உரிமமே சுலபத்தில் வராது. வந்தாலும் எங்கும் கொண்டுபோக முடியாது: சந்தை, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதி இல்லாமல் எடுத்துச் செல்லக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. பிள்ளையார்பட்டித் தேரா, குன்றக்குடித் தைப்பூசமா, வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கல்யாண வீட்டில் மகிழ்ச்சிக்கு ஒன்று வானத்தில் விட்டால் இரண்டு வருடம் வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ.

தினமும் பெருந்தொகை கையில் எடுத்துச் செல்ல வேண்டிய தொழில், எழுத்தில் பதிவான மிரட்டல் என்ற நிலையில் உள்ளவருக்கு இதுவே சரி. அவருக்கு இந்தக் கட்டுரையின் வரிசை பொருந்தாது. அவர் பணத்தை வேறெங்கும் சிதறவிடாமல் இதற்கே வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு இது பட்டியலின் அடியில்.

## ஏர் ரைபிள்

அளவு .177, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும், வேகசக்தி 20 ஜூலுக்கு மிகாமலும் உள்ள ஏர் ரைபிளுக்கு 2016 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்றின் நகலோடு வாங்கிவரலாம். இரண்டு இடத்தில் ஒன்றையும் பிடிக்காது. அதனால்தான் என் வரிசையில் முதலில் நிற்கிறது. மகளின் போட்டி ஆசைக்கும் இதுதான் வாசல். நாளைக்குப் பன்னிரண்டு போர் வாங்கப்போகும் அப்பச்சிக்கும் விசையைப் பதறாமல் இழுக்கக் கற்றுக்கொடுப்பது இதுதான்.

பழக இடமும் செட்டிநாட்டில் தாராளம். போட்டித் தூரம் 10 மீட்டர். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவின் தாழ்வாரத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அளந்து பாருங்கள், பெரிய வீடுகளில் அதற்கு மேலேயே கிடைக்கும். போட்டிக்கான இலக்கு அட்டையில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டு வெறும் 0.5 மில்லிமீட்டர், ஆத்தங்குடித் தரையில் நின்று அதைத் தொடர்ந்து தொட ஆரம்பித்தால் மகளைப் போட்டிக்கு அனுப்பலாம். இலக்குக்குப் பின்னால் சாய்வான இரும்புத் தகடு வைத்த பெட்டி கட்டாயம். தேக்குத் தூணில் பட்டுத் திரும்பினால் கண் போய்விடும். சுடும்போது குறுக்கே உள்ள அறைக் கதவுகள் எல்லாம் தாழிட்டிருக்க வேண்டும், கண்ணாடி அணிந்திருக்க வேண்டும், முடிந்ததும் கை கழுவ வேண்டும்; ரவை ஈயத்தில் ஆனது.

இதிலும் இரண்டு தரம் உண்டு. குழலை மடக்கிச் சுருள்வில்லை அழுத்தும் வகை சில ஆயிரத்தில் தொடங்குகிறது. பழக்கத்துக்குப் போதும், ஆனால் வில்லின் உதறல் போட்டிக் குறிக்கு எதிரி. காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் அடைக்கும் வகைதான் போட்டிக்கு. உள்நாட்டுச் சங்கத் தரம் நடுத்தர விலைக்குக் கிடைக்கும். ஜெர்மன் தயாரிப்பு லட்சங்களில் போகும். மறைசெலவு இங்கேதான் குவிந்திருக்கிறது: காற்றடிக்கும் பம்பு, விறைப்பான மேலங்கி, கால்சட்டை, காலணி, பயிற்சியாளர், வெளியூர்ப் போட்டிகள். மகள் ஒரு வருடம் வில்வகையிலோ, சங்கத்தின் துப்பாக்கியிலோ பழகட்டும். அதற்குப் பிறகும் விடியற்காலையில் தானாக எழுந்து போகிறாள் என்றால் அப்போது பெரிய செலவு செய்யலாம்.

.22 ரைபிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது உரிம ஆயுதம், 50 மீட்டர் தளம் வேண்டும், காற்றுத்துப்பாக்கியில் தேறியவருக்கு மட்டும்.

பறக்கும் தட்டுச் சுடும் டிராப் மீது ஆசைப்படுபவர்களும் உண்டு. பக்கத்துப் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவில் ஆடியதிலிருந்து ஆசை கூடியிருக்கிறது. தகுதிச் சுற்றிலேயே 125 தட்டுகள். ஒரு போட்டிக்கே அவ்வளவு என்றால் பயிற்சிக்கு எத்தனை தோட்டா என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை லட்சத்தில் தொடங்கும் விளையாட்டு அல்ல அது.

## வயலுக்கு என்று கேட்பவர்கள்

வாங்க வேண்டாம். மயில், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு வருடம் சிறை. ஏர் ரைபிளில் சுட்டாலும் அதே சட்டம்தான். காட்டுப் பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு கொஞ்சம் வழிவிட்டது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர், நீங்கள் அல்ல. விவசாயி செய்ய வேண்டியது மனு கொடுப்பது. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. அதே மாவட்டத்தில் மயிலுக்குத் துப்பாக்கி கேட்டு மனு எழுதினால் கலெக்டர் அலுவலகத்தில் என்ன நினைப்பார்கள்? அந்தப் பணத்தைச் சூரியசக்தி வேலியில் போடுங்கள்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | உரிம இடம் | வாங்கும் செலவு | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஏர் ரைபிள், வில்வகை | பிடிக்காது | மிகக் குறைவு | ரவை, தடுப்புப் பெட்டி | தொடங்கும் எல்லோருக்கும் |
| ஏர் ரைபிள், போட்டித் தரம் | பிடிக்காது | நடுத்தரம் முதல் லட்சங்கள் வரை | உடை, பம்பு, பயிற்சியாளர் | ஒரு வருடம் பழகியவருக்கு |
| பரம்பரை இரட்டைக் குழல் | ஒன்று | விலை இல்லை | கையெழுத்துகள், பழுது, 65 மி.மீ. தோட்டா தேடுவது | பெரியவர் உயிரோடு உள்ள வீடு |
| புதிய ஒற்றைக் குழல் | ஒன்று | குறைவு | நெட்டைப் பெட்டி | உள்ளூரில் குடியிருப்பவர் |
| ரிவால்வர் | ஒன்று | மிக அதிகம் | 40 விழுக்காடு வரி, பயிற்சி, எங்கும் எடுத்துப்போக முடியாமை | பதிவான அச்சுறுத்தல் உள்ளவர் |

## அந்த ஒன்றரை லட்சத்தை எப்படிப் பிரிப்பது

பெரியவர் உயிரோடு இருக்கும் வீட்டில்: முதல் செலவு பெயர் மாற்றத்துக்கும் பழுதுபார்ப்பவரின் சோதனைக்கும். துப்பாக்கி தேறிவிட்டால் அடுத்து பூட்டுப் பெட்டி, பிறகு ஒரு வில்வகை ஏர் ரைபிள். தொகையில் பெரும்பகுதி மிச்சமிருக்கும்; இரண்டாவது உரிம இடம் காலியாகவே இருக்கும். காலியாக இருப்பதில் குறையொன்றும் இல்லை.

பரம்பரை எதுவுமில்லாமல் காவலுக்குக் கேட்பவர்: முதலில் ஏர் ரைபிள், கூடவே பாதுகாப்புப் பயிற்சி. உரிம மனு நகர்வதற்கு மாதங்கள் ஆகும்; அந்த மாதங்கள் கை பழகும் காலம். உரிமம் வந்ததும் ஒற்றைக் குழல், பெட்டி. ரிவால்வருக்கென்று இரண்டாவது இடத்தை இப்போதே ஒதுக்கி வைக்க வேண்டாம்.

மகளுக்காகக் கேட்பவர்: முழுத் தொகையும் அவளுக்கே. வீட்டுக் காவலையும் விளையாட்டையும் ஒரே பணத்தில் முடிச்சுப் போட்டால் இரண்டும் அரைகுறையாகும். 21 வயதுக்கு முன் அவள் பெயரில் சாதாரண உரிமம் கிடைக்காது, ஏர் ரைபிளுக்கு அது தேவையும் இல்லை. அவள் தேசிய அளவுக்கு உயர்ந்தால் விளையாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பில் தனிச்சலுகை உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உங்கள் இரண்டு இடத்தை அவளுக்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்காது.

எந்த வரிசையில் வாங்கினாலும் தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிவு வந்து திரும்ப வாங்கும்வரை அது அங்கேதான். எனவே ஒப்படைக்கும் முன் குழலுக்குள்ளும் வெளியிலும் எண்ணெய் தடவிக் கொடுங்கள். தோலுறையில் போட்டுக் கொடுக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருவேற்றும். பருத்தித் துணிப் பையே நல்லது. ரசீதில் துப்பாக்கியின் எண்ணோடு, கட்டையில் கீறல் இல்லை, குழலில் நசுக்கம் இல்லை என்று நிலையையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால், அவர்கள் முன்னிலையிலேயே நாலு புறமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.